"இன்றைக்கு நான் ரீகன்சிலியேஷன் செய்தேன் அம்மா"

வாசகர் கேள்வி

சிட்னியின் மேற்குப் புறநகர் ஒன்றிலிருந்து ஒரு தாய் எழுதியிருக்கிறார். நீளமான கடிதம், அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை மாற்றிச் சுருக்கித் தருகிறேன். யாழ்ப்பாணத்துச் சைவக் குடும்பம். எட்டு வயது மகள் பக்கத்திலுள்ள கத்தோலிக்க ஆரம்பப் பள்ளியில் இயர் 3 படிக்கிறாள். அரச பள்ளி இலவசம் என்று தெரிந்தும், "ஒழுக்கமாக வளர்ப்பார்கள்" என்று கட்டணம் கட்டிச் சேர்த்திருக்கிறார்கள்.

மே மாதக் கடைசியில் ஒரு நாள் மகள் சப்பாத்தெல்லாம் மண்ணாக வந்து, "இன்றைக்கு நான் ரீகன்சிலியேஷன் செய்தேன் அம்மா" என்றிருக்கிறாள். துருவிக் கேட்டபோது கதை வந்திருக்கிறது. நெருங்கிய தோழி தன் பங்குக் கோவிலில் முதல் ஒப்புரவுக்கு, அதாவது குருவிடம் பாவத்தைச் சொல்லி மன்னிப்புப் பெறுகிற சடங்குக்கு, ஆயத்த வகுப்புப் போகிறாள். ஆங்கிலத்தில் அதற்கும் ரீகன்சிலியேஷன் என்றுதான் பெயர். "நீ கத்தோலிக்கம் இல்லை, உனக்கு வெள்ளை உடுப்பு கிடையாது" என்று அவள் சொல்ல, இவள் போய்ப் பள்ளித் தோட்டத்தில் அந்தத் தோழி நட்ட லில்லி பில்லிக் கன்றை முறித்துவிட்டாள். ஆசிரியை இருவரையும் உட்காரவைத்துப் பேசியிருக்கிறார். முடிவு: இரண்டு வாரத்துக்கு மதிய இடைவேளையில் புதுக் கன்றுக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டும், வகுப்பின் சாப்பாட்டுக் கழிவு வாளியைக் கம்போஸ்ட் தொட்டியில் கொட்ட வேண்டும். வீட்டுக்கு ஒரு தொலைபேசி அழைப்புக்கூட இல்லை.

அதே வாரம் பள்ளிச் செய்திமடலும் வந்தது. அதில் மூன்று இடத்தில் 'ரீகன்சிலியேஷன்', ஒரு இடத்தில் 'எக்கலாஜிக்கல் கன்வர்ஷன்'. கணவர் அதைச் சிவப்புப் பேனாவால் கோடிட்டு, "பார், மதமாற்றம் என்று எழுத்திலேயே போட்டிருக்கிறார்கள்" என்று குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒட்டிவிட்டார். இந்தத் தாய் கேட்பது நான்கு. மகளைப் பாவமன்னிப்புக் கேட்க வைத்தார்களா? நேற்று வந்த நாங்கள் ஏன் பழங்குடி மக்களிடம் சாரி சொல்ல வேண்டும்? காசு கட்டியும் பிள்ளையைக் குப்பை அள்ள வைப்பதா? பேசாமல் ஞானஸ்நானம் கொடுத்துவிட்டால் அவள் ஒதுக்கப்படாமல் இருப்பாளா, அல்லது பள்ளியையே மாற்றிவிடலாமா?

ஆலோசனை

அன்புள்ள சகோதரி,

முதலில் என்னைப் பற்றி ஒரு வரி. நான் குடும்ப ஆலோசகர், பள்ளிப் பிள்ளைகளோடு வேலை செய்கிறவள், சட்டத்தரணி இல்லை. அதோடு மன்னார்ப் பக்கத்துக் கத்தோலிக்கப் பெண். ஆகவே திருச்சபைக்குச் சாதகமாக நான் ஏதாவது சொன்னால் கொஞ்சம் கழித்தே வாசியுங்கள்.

உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். நான்கு பிரச்சினை என்று எழுதியிருக்கிறீர்கள், ஆனால் அதில் பாதி ஒரு ஆங்கிலச் சொல் செய்த வேலை. அந்தப் பள்ளியில் ரீகன்சிலியேஷன் என்றால் மூன்று வேறு காரியம். கோவிலில் குருவிடம் செய்கிற பாவசங்கீர்த்தனம் ஒன்று. சண்டை பிடித்த இரண்டு பிள்ளைகள் திரும்பச் சேர்வது இன்னொன்று. இந்த நாடும் இதன் ஆதிக்குடிகளும் ஒருவரையொருவர் சரிசெய்துகொள்ளப் பார்ப்பது மூன்றாவது. பெரியவர்கள் நமக்கே தலை சுற்றுகிறது, எட்டு வயதுப் பிள்ளை எதை எதோடு சேர்த்துப் புரிந்துகொண்டாள் என்று யாருக்குத் தெரியும். மே மாதக் கடைசியில் இது எல்லாம் ஒரே செய்திமடலில் வந்து குவிவதற்கும் காரணம் இருக்கிறது. பாப்பரசர் பிரான்சிஸ் சுற்றுச்சூழல் பற்றி எழுதிய லௌதாத்தோ சி என்ற சுற்றுமடல் 2015 மே 24 தேதியிட்டது, அதையொட்டி ஒரு வாரம் கொண்டாடுகிறார்கள். 26 சாரி தினம். 27 தொடங்கி ஜூன் 3 வரை தேசிய நல்லிணக்க வாரம், ஆங்கிலத்தில் அதுவும் ரீகன்சிலியேஷன்தான்.

கணவர் போட்ட சிவப்புக் கோட்டின் கதையையும் இங்கேயே முடித்துவிடுவோம். 'எக்கலாஜிக்கல் கன்வர்ஷன்' அந்தச் சுற்றுமடலில் வருகிற சொல். இயற்கையோடு நாம் நடந்துகொள்ளும் விதத்தில் மனம் திரும்புவது என்று அர்த்தம். நெகிழிப் போத்தலை விட்டுவிட்டுத் தண்ணீர்ப் போத்தல் கொண்டுபோகச் சொல்கிறார்கள், சிலுவை போடச் சொல்லவில்லை. ஆனால் அவர் பயத்தைச் சிரித்துத் தள்ளாதீர்கள். மதம் மாற்றிவிடுவார்களோ என்ற பயம் நம் ஊரில் ஆகாயத்திலிருந்து விழுந்ததில்லை, மிஷன் பள்ளிகளின் பழைய கதை நம் வீடுகளில் இன்னும் பேசப்படுகிறது. செய்திமடல் எழுதுகிறவருக்கு இது தெரியாது. யாராவது சொன்னால்தானே தெரியும்.

அவள் செய்தது பாவசங்கீர்த்தனம் இல்லை

செய்யவும் முடியாது. ஒப்புரவு என்கிற அருட்சாதனம் ஞானஸ்நானம் பெற்றவர்களுக்குத்தான். ஞானஸ்நானம் பெறாத பிள்ளைக்கு அதைக் கொடுக்க எந்தக் குருவுக்கும் வழியில்லை, விருப்பமும் இருக்காது. கத்தோலிக்கப் பிள்ளைகளுக்கே ஏழு வயதுக்குப் பிறகு, முதல்நன்மைக்கு, அதாவது நற்கருணை அப்பத்தை முதல் தடவை வாங்குவதற்கு, முன்னால், பெற்றோர் பெயர் கொடுத்து ஆயத்தம் செய்தபிறகுதான். பல இடங்களில் அந்த வகுப்பைப் பங்குக் கோவிலே நடத்துகிறது, பள்ளி துணைக்கு நிற்கும், அவ்வளவு. இடையில் ஒரு தகவல்: தோழி சொன்ன வெள்ளை உடுப்பு முதல்நன்மைக்கு உரியது. ஒப்புரவுக்கு என்று தனியாக வெள்ளை உடுப்பு கிடையாது. தோழிக்கும் முழு விவரம் தெரியாது, பாவம்.

உங்கள் மகளுக்கு நடந்தது வேறு. இங்குள்ள பள்ளிகளில் பிள்ளைகள் சண்டை பிடித்தால் தண்டிப்பதற்குப் பதில் வட்டமாக உட்காரவைத்துக் கேட்கிற ஒரு முறை இருக்கிறது. கத்தோலிக்கம், அரச பள்ளி என்ற வித்தியாசம் இல்லை. என்ன நடந்தது? அப்போது உன் மனதில் என்ன ஓடியது? இதனால் யாருக்கு என்ன ஆனது? சரிசெய்ய என்ன செய்யலாம்? கேள்விகள் ஏறக்குறைய இவைதான். நான் இப்படிப் பல வட்டங்களில் உட்கார்ந்திருக்கிறேன். மூன்றாவது கேள்வி வரும்போது பிள்ளைகள் கால் பெருவிரலைப் பார்க்கத் தொடங்குவார்கள். உங்கள் மகளும் பார்த்திருப்பாள். பிறகு அவளே வாய் திறந்து "புதுக் கன்று வைக்கலாம்" என்று சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள், அந்த வரியை நீங்கள் வேகமாகக் கடந்துபோய்விட்டீர்கள். எனக்குக் கடிதத்தில் மிகவும் பிடித்த வரி அதுதான்.

தமிழில் கத்தோலிக்கர் இதற்கு எடுத்துக்கொண்ட சொல் ஒப்புரவு, திருக்குறளில் ஒரு அதிகாரமே அந்தப் பெயரில் இருக்கிறது, 22ஆவது, ஒப்புரவறிதல். வீட்டில் புத்தகம் இருந்தால் மகளோடு சேர்ந்து பாருங்கள். பாவமும் மன்னிப்பும் அங்கே பேச்சே இல்லை. ஊரோடு ஒத்து வாழ்ந்து கொடுப்பதைச் சொல்ல வள்ளுவர் எடுப்பது மழையை, ஊருணியை, ஊர் நடுவில் பழுத்த மரத்தை. கன்றை முறித்த பிள்ளைக்கு இதைவிடப் பொருத்தமாக நான் எதைச் சொல்ல?

பள்ளி செய்த தவறும் இருக்கிறது. ஒரு பிள்ளைக்கு மதம் காரணமாக "நீ இதில் இல்லை" என்று சொல்லப்பட்டிருக்கிறது, அவள் கோபத்தில் ஒன்றை உடைத்திருக்கிறாள், இரண்டு வாரத்துக்கு ஒரு பொறுப்பும் கொடுக்கப்பட்டிருக்கிறது. இத்தனைக்குப் பிறகு இரண்டு வீட்டுக்கும் அன்று மாலையே பேசியிருக்க வேண்டும். அதோடு, வட்டத்தில் கன்று முறிந்த கதை பேசப்பட்டதாகத் தெரிகிறது. தோழி சொன்ன சொல் பேசப்பட்டதா? உங்கள் கடிதத்தில் அதற்குப் பதில் இல்லை. பேசப்படாவிட்டால் ஒரு பக்கம் மட்டும்தான் சரிசெய்யப்பட்டிருக்கிறது. ஆசிரியையிடம் நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி இது.

'சாரி' யாருக்கு, எதற்கு

இதில் கணவரோடு கொஞ்சம் நேரம் எடுத்துப் பேசுங்கள். நல்லிணக்கம் என்ற சொல்லைக் கேட்டாலே அவருக்கு எரிகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்குப் புரிகிறது. 2010இல் கொழும்பில் ஒரு ஆணைக்குழுவுக்கு அந்தப் பெயரை வைத்தார்கள், அதற்குப் பிறகு காணாமல் போனவர்களின் தாய்மார் தெருவோரம் படத்தைப் பிடித்துக்கொண்டு எத்தனை வருடம் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று நமக்குத் தெரியும். அந்தச் சொல்லின் மேல் நம் ஆட்களுக்கு நம்பிக்கை இல்லாமல் போனதற்குக் காரணம் இருக்கிறது.

அதனாலேயே இந்த நாட்டின் கதை அவருக்குச் சட்டென்று புரியக்கூடியது. நல்லிணக்க வாரம் முடிகிற ஜூன் 3 என்ன நாள் தெரியுமா? டொரஸ் நீரிணையிலுள்ள மேர் தீவைச் சேர்ந்த எடி மாபோ, தலைமுறை தலைமுறையாக இருந்த காணி சட்டப்படி தங்களுக்குச் சொந்தமில்லை என்று சொல்லப்பட்டதை எதிர்த்து மற்ற சிலரோடு வழக்குப் போட்டார். பத்து வருடம் இழுத்தது. 1992 ஜூன் 3 அன்று உயர் நீதிமன்றம் இந்த மண் யாருக்கும் சொந்தமில்லாமல் கிடந்தது என்ற பழைய கதையைத் தூக்கி எறிந்தது. அதைக் கேட்க அவர் இல்லை, அதே வருடம் ஜனவரியில் இறந்துவிட்டார். தொடங்குகிற நாளான மே 27, 1967இல் நடந்த பொது வாக்கெடுப்பின் நாள். பழங்குடி மக்களையும் மக்கள்தொகைக் கணக்கில் சேர்க்கலாமா, அவர்களுக்காக மத்திய அரசு சட்டம் இயற்றலாமா என்று கேட்டார்கள், 90 சதவீதத்துக்கு மேல் ஆம் என்றார்கள். காணியும் கணக்கெடுப்பும் என்ன பாடுபடுத்தும் என்று யாழ்ப்பாணத்து மனிதருக்கு யாரும் வகுப்பு எடுக்கத் தேவையில்லை.

சாரி தினம் இதிலிருந்து தனி. பழங்குடிப் பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்தெடுத்த கதையின் விசாரணை அறிக்கை 1997 மே 26 நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்டது. அடுத்த வருடத்திலிருந்து அந்த நாளை நினைவுகூர்கிறார்கள். அரசு சார்பில் மன்னிப்புக் கேட்டது வேறு நாள், 2008 பிப்ரவரி 13, அன்றைய பிரதமர் கெவின் ரட். நாட்டின் தலைவர் கேட்க வேண்டியதை உங்கள் மகளைக் கேட்கச் சொல்லவில்லை. பழங்குடி மக்களின் ஆங்கிலத்தில் 'சாரி பிஸ்னஸ்' என்றால் இழவு வீட்டுக் காரியங்கள், துக்கம் காத்தல். செத்த வீட்டுக்குப் போய்க் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்கிறோமே, நாமா கொன்றோம்? நீங்கள் 2012இல் வந்தவர்கள்தான், சரி. ஆனால் நீங்கள் வீடு வாங்கியது தாருக் என்ற பழங்குடி மக்களின் மண்ணில். பராமட்டா என்ற பெயரே அவர்கள் மொழியில் விலாங்கு மீனோடு தொடர்புள்ளது. கணவர் பார்க்கிற ரக்பி அணிக்கு ஈல்ஸ், அதாவது விலாங்குகள், என்று பெயர் வந்ததும் அங்கிருந்துதான். அதே பராமட்டாவில் 1815இல் ஆளுநர் மக்குவாரி தொடங்கிய நிறுவனத்தில் பழங்குடிப் பிள்ளைகளைத் தாய் தகப்பனிடமிருந்து பிரித்து வைத்தார்கள், பிறகு அது போன இடம்தான் பிளாக்டவுன். நீங்கள் மரக்கறி வாங்கப் போகிற பிளாக்டவுன்.

என் சபையைப் பற்றியும் மறைக்கக் கூடாது. பிரிக்கப்பட்ட பிள்ளைகளை வைத்திருந்த இடங்களில் கத்தோலிக்க மிஷன்களும் இருந்தன, மெல்வில் தீவின் கார்டன் பாயிண்ட் அவற்றில் ஒன்று. ஆகவே கத்தோலிக்கப் பள்ளி இந்த வாரத்தைக் கொண்டாடுவதில் கொஞ்சம் தன் வீட்டுக் கணக்கும் இருக்கிறது. கூட்டத்தில் கணவர் கேட்கட்டும், "உங்கள் சபை செய்ததையும் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறீர்களா?" என்று. நியாயமான கேள்வி. நல்ல தலைமையாசிரியர் அதற்குக் கோபப்பட மாட்டார்.

குப்பை வாளி

இது சின்ன விஷயம், ஆனால் உங்களை அதிகம் சுட்டது இதுதான் என்று நினைக்கிறேன். "படிக்க அனுப்பிய பிள்ளையைக் குப்பை அள்ள வைத்துவிட்டார்கள்." நம் ஊரில் யாரைக் குப்பை அள்ள வைப்பார்கள், யாரை வைக்க மாட்டார்கள் என்ற பழைய கணக்கு அந்த வாக்கியத்துக்குள் இருக்கிறது, நீங்கள் நினைக்காமலேயே. கோபித்துக்கொள்ளாதீர்கள், எனக்குள்ளும் அது இருந்தது. இங்கே அந்த வாளியை வகுப்பிலுள்ள எல்லாப் பிள்ளைகளும் முறை வைத்துத் தூக்குகிறார்கள். வாழைப்பழத் தோல், ஆப்பிள் நடுப்பகுதி, கடித்துவிட்டு வைத்த சான்ட்விச் ரொட்டி. பாப்பர் என்கிற ஜூஸ் டப்பாக்களைத் தனியாகச் சேர்த்து, காலி டப்பாவைத் திரும்ப வாங்குகிற ரிட்டர்ன் அண்ட் ஏர்ன் இயந்திரத்தில் போட்டால் ஒன்றுக்குப் பத்துச் சதம், அதில் பள்ளிக்குச் செடி வாங்குகிறார்கள். வீட்டில் நீங்களே கறிவேப்பிலைத் தொட்டிக்கு முட்டைக்கோது போடுகிறவர்தானே.

ஒன்றை மட்டும் கேட்டுத் தெளிந்துகொள்ளுங்கள். இரண்டு வாரம் அவள் தனியாகவா போகிறாள்? மற்ற பிள்ளைகள் விளையாடும்போது தினமும் தனியாக வாளி தூக்கினால் அது தண்டனைதான், பெயரை எப்படி மாற்றினாலும். தோழியும் சேர்ந்து போவதாக வைத்தால் கதை வேறு. அப்படிக் கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது, கேளுங்கள்.

லில்லி பில்லி என்ன மரம் என்று தெரியுமா? நம் நாவலின் உறவு, ஒரே பேரினம். பழம் இளஞ்சிவப்பு, சின்னதாக, புளிப்பாக இருக்கும், பழங்குடி மக்கள் காலங்காலமாகச் சாப்பிடுவது. நாவல் பழம் தின்று நாக்கு ஊதாவாகி அடி வாங்கிய கதை உங்களிடம் நிச்சயம் இருக்கும், அதை மகளிடம் சொல்லுங்கள். முறித்தது ஏதோ வெள்ளைக்காரர் அழகுச்செடி என்று நினைத்துக்கொண்டிருப்பாள்.

தோட்டத்தில் கண்மூடி உட்காரவைக்கிறார்கள் என்றும் எழுதியிருக்கிறீர்கள். அது பெரும்பாலும் ததிரியாக இருக்கும். வட பிராந்தியத்தின் டேலி நதிக்கரையைச் சேர்ந்த மிரியம்-ரோஸ் உங்குன்மெர்-பௌமன் என்ற பழங்குடி ஆசிரியை உலகுக்கு அறிமுகம் செய்தது. அவர் கத்தோலிக்கர், 2021இல் நாட்டின் மூத்த ஆஸ்திரேலியர் விருது பெற்றவர். அமைதியாக இருந்து ஆழமாகக் காதுகொடுப்பது, அவ்வளவுதான். சைவப் பிள்ளைக்கு இது புதிதும் இல்லை.

வெள்ளை உடுப்புக்காக ஞானஸ்நானமா?

வேண்டாம். கத்தோலிக்கப் பெண்ணாகத்தான் சொல்கிறேன். ஏழு வயது தாண்டிய பிள்ளையைத் திருச்சபையின் சட்டம் ஞானஸ்நானத்தில் பெரியவர்களைப் போல நடத்துகிறது. அவள் விருப்பம் கேட்கப்படும், மாதக்கணக்கில் ஆயத்தம் இருக்கும், குடும்பம் உண்மையாகவே அந்த விசுவாசத்தில் வளர்க்கப் போகிறதா என்று பார்ப்பார்கள். வகுப்பில் ஒதுக்கப்படக் கூடாது என்று கொண்டுபோனால் நல்ல பங்குத்தந்தையே உங்களை உட்காரவைத்துத் தேநீர் கொடுத்துத் திருப்பி அனுப்புவார். நாளைக்கு உங்களுக்கே உள்ளூர அந்த வழியில் ஈர்ப்பு வந்தால் அது வேறு பேச்சு. உங்கள் கடிதத்தில் அது எங்கும் இல்லை, பயம்தான் இருக்கிறது.

வகுப்பு கோவிலுக்குப் போகும்போது மகள் சும்மா உட்கார்ந்திருக்கலாம். நற்கருணை நேரத்தில் கையைக் கட்டிக்கொண்டு வரிசையில் போனால் ஆசீர் கொடுத்து அனுப்புவார்கள், விருப்பமென்றால் மட்டும். இதை ஆசிரியையிடம் முன்கூட்டியே பேசி மகளுக்கும் சொல்லிவையுங்கள். நடுக்கோவிலில் என்ன செய்வதென்று தெரியாமல் விழிப்பதுதான் பிள்ளைகளுக்குப் பெரிய வெட்கம். இன்னொன்றும் கேட்டுப் பாருங்கள்: தைப்பொங்கல் வரும்போது பள்ளி விடுமுறையாக இருக்கும், ஆனால் தீபாவளி பள்ளி நாளில் வரலாம். வகுப்பில் அவள் விளக்கு ஏற்றிக் காட்ட ஒரு பத்து நிமிடம் கிடைக்குமா என்று.

பள்ளியை மாற்றுவது?

மாற்றலாம், உங்கள் முடிவு. ஆனால் தெரிந்து மாற்றுங்கள். சேர்க்கைப் படிவத்தைத் தேடி எடுத்து வாசியுங்கள். சமய பாடத்திலும் வழிபாட்டிலும் பிள்ளை பங்கெடுப்பாள் என்ற வரி இப்படிப்பட்ட பள்ளிகளில் வழக்கமாக இருக்கும், நீங்கள் அதன்கீழ் கையெழுத்தும் போட்டிருப்பீர்கள். சமய பாடத்திலிருந்து மட்டும் விலக்குக் கேட்பது அங்கே எளிதில் நடக்காது. ஒப்புரவு, ஞானஸ்நானம் போன்ற அருட்சாதனங்கள் வேறு, அவற்றை யாரும் திணிக்க முடியாது. நியூ சவுத் வேல்ஸ் அரச பள்ளிகளில் வாரந்தோறும் சமய வகுப்பைப் பெற்றோரே தெரிவு செய்யலாம், சிலவற்றில் தன்னார்வலர் நடத்தும் இந்து வகுப்பும் உண்டு. அது வேண்டுமென்றால் நல்ல காரணம்தான். ஒரு கன்றும் ஒரு சொல்லும் காரணம் என்றால் பொறுங்கள். அந்தச் சண்டையைப் பாதியில் விட்டுவிட்டுப் போனால், தான் உடைத்ததால்தான் தன்னை வேறு பள்ளிக்கு அனுப்பினார்கள் என்று பிள்ளை எடுத்துக்கொள்ளும். இப்படி எடுத்துக்கொண்ட பிள்ளைகள் இரண்டு மூன்று பேரை எனக்குத் தெரியும்.

முதலில் வகுப்பாசிரியை, பிறகு தலைமையாசிரியர், அதற்கும் பதில் இல்லையென்றால் மறைமாவட்டக் கல்வி அலுவலகம், இந்த வரிசையில் போங்கள். மின்னஞ்சலில் குற்றப்பட்டியல் அனுப்பாமல் இருபது நிமிடச் சந்திப்பு ஒன்று கேளுங்கள், கணவரையும் கூட்டிப்போங்கள், அந்தச் சிவப்புக் கோடு போட்ட தாளையும். தோழியின் அம்மாவைத் தனியாக ஒரு நாள் வாசலில் பிடித்து, சண்டையாக இல்லாமல், "என் பிள்ளைக்கு இந்தச் சொல் நொந்துவிட்டது" என்று மட்டும் சொல்லுங்கள். அநேகமாக அவருக்கு இது தெரிந்தே இருக்காது.

திரும்பி வரும்போது புதுக் கன்று நிற்கும் இடத்தைப் பார்த்துவிட்டு, டிசம்பர் விடுமுறையில் அதற்கு யார் தண்ணீர் ஊற்றுகிறார்கள் என்று கேட்டு வாருங்கள். பள்ளிகளில் நட்ட கன்றுகள் காய்ந்துபோவது பெரும்பாலும் அந்த ஆறு வாரத்தில்தான், நீங்கள் பக்கத்துத் தெருவில்தானே இருக்கிறீர்கள்.